சந்தை இடிந்த பிறகு: சவன்னா நகரம் தன் பழைய வீடுகளை மீட்ட விதம்

பின்னணி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே, சவன்னா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது சவன்னா நகரம். 1733-இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் இங்கே குடியேற்றம் அமைத்தபோது, ஆற்றுமட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 அடி உயர்ந்த மேட்டில் ஊரை வைத்தார். ஊர் வார்டு வார்டாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வார்டின் நடுவிலும் ஒரு திறந்த சதுக்கம். வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம், நீதிமன்றம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கென்று ஒதுக்கிய நான்கு பெரிய மனைகள். ஊர் வளர வளர அதே வார்டைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போனார்கள். 1851 வாக்கில் மொத்தம் 24 சதுக்கங்கள்.

ஆற்றங்கரையைப் பஞ்சு உருவாக்கியது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரம் 1793-இல் சவன்னாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் உருவானது. அதன் பிறகு உள்நாட்டிலிருந்து பஞ்சுப் பொதிகள் ஆற்றுவழியாகவும் ரயில்வழியாகவும் இங்கே வந்து குவிந்தன. மேட்டின் சரிவை ஒட்டிக் கட்டிய கிடங்குகளை இன்றும் பார்க்கலாம். ஆற்றுப்பக்கம் நின்று பார்த்தால் நான்கைந்து மாடி. பின்னால் பே தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மாடிதான் தெரியும். கீழே சரக்கு, மேலே தரகர்களின் அலுவலகம். தெருவிலிருந்து மேல்மாடிக்கு நேராகப் போக இரும்புப் பாலங்கள் போட்டார்கள். ஆற்றுக்கு இறங்கும் சரிவுப் பாதைகளில் பதித்த கற்கள், கப்பல்களில் எடை சமனுக்காக ஏற்றி வந்து இங்கே இறக்கிவிட்டுப் போன பாரக்கற்கள். கல்லுக்குக் கல் நிறமும் அளவும் வேறு. அதில் நடக்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

இத்தனை செல்வமும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் வந்தது. பஞ்சை விளைவித்தவர்களும் அவர்கள், ஊரின் செங்கல்லில் பெரும்பகுதியை அறுத்துச் சுட்டவர்களும் அவர்கள். இந்த ஆய்வின் கடைசிப் பகுதியில் இந்த விஷயம் மறுபடி வரும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில், வடக்குத் தரப்பு ஜெனரல் ஷெர்மனின் படை சவன்னாவைப் பிடித்தபோது ஊரை எரிக்கவில்லை. போரில் தப்பிய ஊரைப் பொருளாதாரம்தான் சாய்த்தது. 1920-களில் காய்ப்புழு வண்டு ஜார்ஜியாவின் பஞ்சு விளைச்சலை அழித்தது. ஆற்றங்கரைக் கிடங்குகள் காலியாயின. பிறகு துறைமுகத்தின் பெரும்பகுதி ஆற்றில் மேலே, கார்டன் சிட்டி பக்கம் போய்விட்டது. வசதியானவர்கள் தெற்கே புதிய குடியிருப்புகளுக்கு மாறினார்கள். அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகள் ஒண்டுக்குடித்தனங்கள் ஆயின. அறைக்கு ஒரு குடும்பம், மாடிக்கு ஒரு குழாய் என்று ஆன வீடுகளை உரிமையாளர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள்.

ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது

முதல் பெரிய அடி 1935-இல் விழுந்தது. ஊரின் மேற்கு விளிம்பில் மாண்ட்கோமரி தெரு வழியாக நெடுஞ்சாலை போவதற்காக மூன்று சதுக்கங்களின் நடுவே சாலையை விட்டார்கள். அப்போது பெரிதாக எதிர்ப்பு எழவில்லை. ஊருக்கு வேலையும் போக்குவரத்தும் வேண்டும், பழைய சதுக்கம் யாருக்கு வேண்டும் என்ற மனநிலை இருந்த காலம் அது.

இரண்டாவது விஷயம் செங்கல். "சவன்னா கிரே" என்று ஊரார் சொல்லும் செங்கல், ஆற்றோரத்து ஹெர்மிடேஜ் தோட்டத்தில் அடிமைகள் செய்தது. சாதாரணச் செங்கல்லைவிடப் பெரியது, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், நுண்துளை நிறைந்தது. ஈரத்தைக் குடிக்கும் என்பதால் அந்தக் காலத்தில் மேலே காரை பூசி மறைத்தார்கள். 1950-களில் புறநகரில் புதுவீடு கட்டியவர்கள் இதே செங்கல்லைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். அதனால் பழைய வீட்டை நிற்க வைப்பதைவிட உடைத்துச் செங்கல்லாக விற்பது லாபம் என்று ஆனது. இடிப்புக்குப் பின்னால் அலட்சியம் மட்டும் இருந்தால் ஊரைக் கூட்டிப் பேசிப் புரியவைக்கலாம். லாபக் கணக்கு இருக்கும்போது பேச்சு எடுபடாது. பின்னால் வந்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, கார். நகர மையத்துக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரைப் புறநகரிடம் இழந்துகொண்டிருந்தார்கள். வண்டி நிறுத்த இடம் கொடுத்தால் கூட்டம் திரும்பும் என்று நம்பினார்கள்.

1954: சந்தை

எல்லிஸ் சதுக்கம் முதல் நான்கு சதுக்கங்களில் ஒன்று. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே சந்தை கூடியது. அப்போது இருந்த சந்தைக் கட்டடம் 1870-களில் எழுந்தது. வளைவு வளைவான பெரிய சாளரங்கள் கொண்ட செங்கல் கூடம். காய்கறி, மீன், பூ விற்கவும் வாங்கவும் ஊரின் எல்லாத் தரப்பினரும் வந்துபோன இடம்.

நகராட்சி அதை இடித்துவிட்டுப் பல அடுக்கு கார் நிறுத்துமிடம் கட்ட முடிவு செய்தது. இடத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். எதிர்ப்பு இருந்தது, ஆனால் காலம் கடந்து வந்தது. எதிர்த்தவர்களிடம் சட்டமும் இல்லை, பணமும் இல்லை. வடக்கே சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய பகுதிகளைக் காக்கும் மண்டலச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சவன்னாவில் அப்படி எதுவும் கிடையாது. 1954-இல் சந்தை தரைமட்டமானது. சதுக்கத்தின் மேல் கான்கிரீட் எழும்பியது.

1955: முதல் வீடு

அடுத்த ஆண்டு கொலம்பியா சதுக்கத்தில் ஒரு வீட்டுக்கு அதே கதி வர இருந்தது. ரோட் ஐலண்டிலிருந்து வந்த வீடு கட்டும் தொழில் செய்த ஐசாயா டேவன்போர்ட் என்பவர், 1820 வாக்கில் தன் குடும்பத்துக்காகக் கட்டிய செங்கல் வீடு அது. முன்வாசலுக்கு இருபுறமும் வளைந்து ஏறும் படிகள், உள்ளே நேர்த்தியான சுண்ணச் சாந்து வேலைப்பாடு. 1955-இல் அதற்குள் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. பக்கத்து ஈமச்சடங்கு நிறுவனம் அதை வாங்கி இடித்துத் தன் வண்டிகளுக்கு இடம் பண்ணத் திட்டமிட்டிருந்தது.

ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி வீட்டை வாங்கினார்கள். அதற்காகவே ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். சந்தை விஷயத்தில் மனு, கூட்டம், பத்திரிகை எல்லாம் தோற்றதைக் கண்ணால் பார்த்திருந்ததால், இந்த முறை நகராட்சியிடம் போய் நிற்காமல் நேராகக் கிரயம் பேசினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வீடு கைக்கு வந்த பிறகு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1963-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு வீட்டை வாங்கி அருங்காட்சியகம் ஆக்குவது ஒரு வீட்டுக்குத்தான் ஆகும். ஊரில் ஆயிரக்கணக்கான பழைய கட்டடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நன்கொடை திரட்டினால் பத்து வீட்டுக்குள் ஊரே களைத்துப் போயிருக்கும்.

வாங்கி விற்பது என்ற முடிவு

1950-களின் இறுதியை ஒட்டி வந்தது மார்ஷல் வரிசை விவகாரம். ஓகல்தார்ப் அவென்யூவில் 1850-களில் வரிசையாகக் கட்டிய நான்கு வீடுகள், ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்பவை. அவற்றைச் செங்கல்லுக்காக உடைக்க ஏற்பாடாகிவிட்டது. பின்புறத்து வண்டிக் கொட்டகைகள் ஏற்கெனவே போய்விட்டன. அறக்கட்டளையில் இருந்த ஒரு முதலீட்டுத் தரகரும் அவருடைய நண்பர்களும் தலையிட்டு அவற்றை வாங்கினார்கள். வீடு எனக்கு வேண்டாம், செங்கல்தான் வேண்டும் என்று நின்ற ஆளிடம், செங்கல்லின் விலையைக் கொடுத்து வீட்டை வீடாகவே வாங்கியது போலத்தான் இது. பிறகு அவற்றைப் பழுது பார்த்து வாழ வருபவர்களைத் தேடினார்கள். கவிஞர் கான்ராட் ஏய்க்கன் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இந்த வரிசையில்தான். சிறுவயதில் அவர் வளர்ந்த வீடும் பக்கத்திலேயே.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு முறை உருவானது. அதன் பெயர் சுழல் நிதி. இடிபடப் போகும் வீட்டை அறக்கட்டளை வாங்கும், அல்லது முன்பணம் கொடுத்து நிறுத்திவைக்கும். தானே பழுது பார்க்காது. பழுது பார்க்கத் தயாராக இருக்கும் ஒருவருக்கு வாங்கிய விலைக்கோ, சில சமயம் நட்டத்துக்கோ விற்கும். விற்கும்போது கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும்: இடிக்கக்கூடாது, முகப்பை மாற்றக்கூடாது, குறித்த காலத்துக்குள் சீரமைக்க வேண்டும். வீடு அடுத்த கைக்கு, அதற்கடுத்த கைக்குப் போனாலும் நிபந்தனை கூடவே போகும். நம் பத்திரங்களில் வில்லங்கம் என்று ஒன்று தொடர்ந்து வருமே, அதைப் போல. விற்ற பணம் திரும்பி வந்ததும் அடுத்த வீடு.

இந்த முறையை ஏன் தேர்ந்தார்கள்? சட்டம் வரும்வரை காத்திருந்தால் காக்க எதுவும் மிஞ்சாது. நன்கொடையை மட்டும் நம்பினால் பணம் ஒரே வீட்டில் முடங்கும். லாபத்துக்காக இடிக்கிறார்கள் என்றால், நிற்கும் வீட்டுக்கும் விலை இருக்கிறது என்று சந்தையிலேயே காட்ட வேண்டும். முதலில் வாங்கியவர்கள் சீரமைத்துக் குடிவந்தவுடன் தெருவின் மதிப்பு ஏறியது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரும் இடிக்கத் தயங்கினார்.

எதை வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கெடுப்பு தேவைப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் பழைய நகரத்தின் சுமார் 2,500 கட்டடங்களைத் தெருத்தெருவாகப் பார்த்து மதிப்பிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய 1,100 காக்கத் தகுந்தவை என்று குறித்தார்கள். இந்தப் பட்டியல் பெரிய வேலை செய்தது. அதுவரை மாளிகைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஊர், சாதாரண மர வீடுகளும் வரிசை வீடுகளும் சேர்ந்துதான் ஒரு சதுக்கத்துக்கு உருவம் கொடுக்கின்றன என்பதைத் தாளில் பார்த்தது. அதன் பிறகு ஒற்றை வீடுகளைத் துரத்துவதை விட்டு, புலாஸ்கி சதுக்கம், ஜோன்ஸ் தெரு போன்ற பகுதிகளில் அடுத்தடுத்த வீடுகளைச் சேர்த்து வாங்கினார்கள். ஒரு தெரு முழுக்கத் திரும்பினால்தான் வங்கியும் கடன் கொடுக்கும்.

1966-இல் சவன்னாவின் பழைய பகுதி தேசிய வரலாற்றுச் சின்ன வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு பெருமை தந்தது. இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் தரவில்லை. உள்ளூர்ச் சட்டம் 1973-இல்தான் வந்தது. சந்தை இடிந்து 19 ஆண்டு கழித்து! அந்த 19 ஆண்டு இடைவெளியில் ஊரைப் பிடித்து வைத்திருந்தது பெரும்பாலும் கிரயப் பத்திரங்கள்தான்.

ஆற்றங்கரை

மேட்டின் மேலே வீடுகள் மீண்டுகொண்டிருந்தபோது கீழே ஆற்றங்கரை அப்படியே கிடந்தது. காரணம் எளிது. வீட்டை ஒரு குடும்பம் வாங்கும். ஐந்து மாடிக் கிடங்கை யார் வாங்குவார்? அங்கே கரைச்சுவரும் சாலையும் வடிகாலும்கூடப் புதிதாக வேண்டும். சுழல் நிதியால் ஆகக்கூடிய காரியம் இல்லை.

எனவே இங்கே நகராட்சிதான் முன்னால் வந்தது. மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பித்தல் நிதியோடு சுமார் 70 லட்சம் டாலர் செலவில் ஆற்றோர நடைபாதையும் சதுக்கமும் அமைத்து, 1977-இல் திறந்தார்கள். கிடங்குகளை இடிக்கவில்லை. முன்னால் பொது இடம் வந்ததும் உரிமையாளர்கள் தாங்களாகவே கீழ்மாடிகளைக் கடையாகவும் உணவகமாகவும் மாற்றினார்கள். நகர்ப்புறப் புதுப்பித்தல் என்ற பெயரில் அமெரிக்காவின் எத்தனையோ ஊர்களில் பழைய பகுதிகள் துடைத்தெறியப்பட்ட காலம் அது. அதே தலைப்பில் வந்த பணத்தை இந்த ஊர் வேறு விதமாகச் செலவிட்டது. இருபது ஆண்டு வீடு வாங்கி விற்றுப் பழகிய ஊர் என்பதால்தான் இது நடந்தது என்பது என் கணிப்பு.

துறைமுகம் இடம் மாறினாலும் கப்பல்கள் இதே வழியாகத்தான் கார்டன் சிட்டிக்குப் போகின்றன. பழைய பஞ்சுக் கிடங்கின் சாளரத்துக்கு வெளியே, அதைவிட உயரமான சரக்குப் பெட்டிக் கப்பல் நகர்ந்து போகும். வேலை செய்யும் ஆறாகவே அது இருப்பது இந்தக் கரையின் பெரிய அதிர்ஷ்டம்.

எல்லாம் சரியாகப் போகவில்லை. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரத் தெருவின் மேலாகவே பாலம் போட்டதுபோல ஒரு பெரிய ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தது. பாதுகாப்பு ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் 1980-களின் தொடக்கத்தில் ஹோட்டல் எழுந்துவிட்டது. கிடங்குகளின் தாளத்தை அது இன்றும் உடைத்துக்கொண்டு நிற்கிறது.

விளைவு

சுழல் நிதி வழியாக இதுவரை 400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. 1978-இல் தொடங்கிய கலைக்கல்லூரி ஒன்று, கைவிடப்பட்ட ஆயுதக்கிடங்கு, பள்ளிக்கூடம், கிடங்கு என்று பெரிய கட்டடங்களை வகுப்பறைகளாக்கியது. தனிக் குடும்பங்களால் தாங்க முடியாத கட்டடங்களுக்கு அதனால் ஒரு வழி பிறந்தது. சுற்றுலா ஊரின் முக்கிய வருமானங்களில் ஒன்றானது.

எல்லிஸ் சதுக்கத்தின் குத்தகை 2004-இல் முடிந்தது. நகராட்சி அதைப் புதுப்பிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தை இடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும்படி நிலத்தடியில் புதிய நிறுத்துமிடம் கட்டி, மேலே 2010-இல் சதுக்கத்தைத் திறந்தது. திறந்தவெளி திரும்பியது, சந்தைக் கூடம் திரும்பவில்லை. 1935-இல் சாலை தின்ற மூன்றில் ஃபிராங்க்ளின் சதுக்கம் 1980-களில் மீட்கப்பட்டது. மற்ற இரண்டும் போனவைதான். இன்று இருப்பவை 22.

மாற்ற வேண்டியவை

முதலாவது, குடியிருந்தவர்கள். டேவன்போர்ட் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பத்திரத்தில் முகப்புக்கு நிபந்தனை இருந்தது, வாடகைக்காரருக்கு எதுவும் இல்லை. தெருவின் மதிப்பு ஏறியதும் வாடகையும் ஏறியது, வரியும் ஏறியது. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். மார்ஷல் வரிசையை மீட்ட அதே தரகர் 1974-இல் வேறொரு அமைப்பைத் தொடங்கி, தெற்கே விக்டோரியன் வட்டாரத்தில் மர வீடுகளைச் சீரமைத்து, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கே குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் முயற்சியில் இறங்கினார். மதிக்க வேண்டிய திருத்தம். ஆனால் முதல் வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போய்விட்டன. சுழல் நிதியைத் தொடங்கும் எந்த ஊரும் முதல் பத்திரத்திலேயே வாடகைக்காரருக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

இரண்டாவது, எல்லைக்கோடு. மேற்கே வெஸ்ட் பிராட் தெரு கறுப்பின மக்களின் கடைத்தெருவாக இருந்தது. அங்கிருந்த யூனியன் ரயில் நிலையம் 1960-களின் தொடக்கத்தில் 16-ஆம் எண் நெடுஞ்சாலையின் இறங்குபாலத்துக்காக இடிக்கப்பட்டது. அதோடு அந்தத் தெருவின் வியாபாரமும் நொடித்தது. 1,100 கட்டடங்களைப் பட்டியலிட்ட அதே ஆண்டுகளில், சில தெருக்கள் தள்ளி இது நடந்தது. எது வரலாறு, யாருடைய வரலாறு என்பதை வட்டாரத்தின் எல்லை வரையும்போதே தீர்மானித்துவிட்டார்கள்.

மூன்றாவது, சொல்லப்படும் கதை. பல ஆண்டுகள் இந்தக் கட்டடங்களின் அழகு பேசப்பட்டது, அவற்றின் செங்கல்லைச் செய்தவர்கள் பேசப்படவில்லை. ஆற்றங்கரையில் ஆப்பிரிக்க அமெரிக்கர் நினைவுச்சின்னம் 2002-இல்தான் வந்தது: காலடியில் அறுந்த சங்கிலிகளோடு நெருங்கி நிற்கும் ஒரு குடும்பம். அதற்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. டேவன்போர்ட் வீட்டில் இப்போது அடிமைகளாக இருந்து அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையையும் விளக்குகிறார்கள்.

நான்காவது, எதை எண்ணுவது என்பது. கட்டடங்களை எண்ணியவர்கள் சந்துகளை எண்ணவில்லை. ஓகல்தார்ப்பின் வரைபடத்தில் வீதியும் சந்தும் மனையின் அளவும் கட்டடங்களுக்குச் சமமான மதிப்புள்ளவை. பெரிய ஹோட்டல்களும் அலுவலக வளாகங்களும் பல மனைகளைச் சேர்த்து, நடுவே போன சந்துகளை மூடிவிட்டு எழுந்தபோது தனித்தனி வீடு எதுவும் இடிந்திருக்காது. ஆனாலும் ஊரின் உருவம் கரைந்தது. 2018-இல், தேசிய வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான தேசியப் பூங்காச் சேவை இந்த வட்டாரத்தின் நிலையை "திருப்தி" என்பதிலிருந்து "அச்சுறுத்தலில்" என்று கீழிறக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். இப்படி ஒரு கணக்கெடுப்பைப் புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டுப் பட்டியலோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சந்தின் அகலத்தையும் மனையின் முகப்பு அளவையும் சேர்த்தே பதிவு செய்வது நல்லது. மூடிய சந்துகளைத் திரும்பப் பெற எல்லிஸ் சதுக்கம் போல இன்னொரு 50 ஆண்டுக் குத்தகை முடியும்வரை காத்திருக்க நேரிடும்.